கப்பலோட்டியும் எட்டுப் பெட்டிகளும்

தோழர்களே, கப்பலோட்டி என்று சொன்னதும் நம் ஜனங்களுக்கு வ.உ.சிதம்பரனார் ஞாபகம்தான் வரும். இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டவர் இன்னொரு கப்பலோட்டி. அமெரிக்காவில் தென் கரோலினா என்கிற மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். எதிரியின் கப்பலையே ஓட்டிக்கொண்டு போய் விடுதலை பெற்றவர். பிறகு அந்த நாட்டின் பிரதிநிதிகள் சபைக்கு ஐந்து தடவை போனவர். பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

கப்பல் கதையைச் சொன்னால் எல்லோரும் கை தட்டுவார்கள். நாமும் அதைச் சொல்லத்தான் போகிறோம். ஆனால், கப்பலைப் பிடிக்க அந்த மனிதருக்கு ஒரு இராத்திரி போதுமாக இருந்தது. கையில் கிடைத்த ஓட்டைக் காப்பாற்ற முப்பது வருஷம் மல்லுக்கட்டியும் முடியவில்லை. இத்தனைக்கும் அந்த மாநிலத்தில் பத்துப் பேரில் ஆறு பேர் அவருடைய ஜனங்கள். ஆள் பலம் இருந்தும் எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்பதுதான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய சங்கதி.

1839ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பியூபோர்ட் என்கிற கடலோர ஊரில், எஜமானன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் ஸ்மால்ஸ் பிறந்தார். ஊரைச் சுற்றித் தீவுகள். தீவெல்லாம் பருத்தித் தோட்டம். உள்ளே ஆற்றோரம் போனால் நெல் தோட்டம். எல்லாவற்றிலும் அடிமைகள்தான் வேலை செய்தார்கள். தாயார் லிடியா, சின்ன வயதிலேயே தோட்டத்திலிருந்து எஜமானன் வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர். பையன் வீட்டோடு வளர்ந்தான், எஜமானனுக்குச் செல்லம். தாயாருக்கு அதுவே பயமாகப் போய்விட்டதாம். வெளியே தன் ஜனங்கள் படுகிற பாடு தெரியாமலே வளர்ந்துவிடுவானோ என்று, சவுக்கடி விழுகிற இடத்துக்கும் ஆட்களை ஏலம் போடுகிற இடத்துக்கும் அவனை அனுப்பிப் பார்க்க வைத்தார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் துறைமுகப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆளை வாடகைக்கு விடுவது ஒரு வழக்கம். வேலை செய்வது அடிமை. சம்பளம் போவது எஜமானனுக்கு. ஓட்டலில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், பாய்மரம் கட்டினார். கடைசியில் கப்பலின் சுக்கான் பிடிக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தார். மாதம் 15 டாலரை எஜமானனுக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு. 1856இல் ஹன்னா என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாளும் அடிமைதான். பிள்ளை பிறந்தால் பிள்ளையும் ஹன்னாவின் எஜமானனுக்குத்தான் சொந்தம். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்க 800 டாலர் பேசி முடித்து, காசு சேர்க்க ஆரம்பித்தார். சொந்தப் பெண்டாட்டி பிள்ளையை விலை கொடுத்து வாங்க ஒரு மனிதன் காசு சேர்த்த காலம் அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது தென் கரோலினாவில் 1834ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்மால்சுக்குக் கடலின் ஆழம் தெரியும், மணல் திட்டு தெரியும், எந்தக் கோட்டைக்கு என்ன சங்கு ஊத வேண்டும் என்று தெரியும். எழுத்து தெரியாது. இந்தச் சட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

1860இல் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய குடியரசுக் கட்சி அடிமை முறை மேலும் பரவக் கூடாது என்று சொன்ன கட்சி. அந்தத் தேர்தல் முடிவைப் பொறுக்காமல் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. முதலில் போனது தென் கரோலினா. 1861 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில்தான் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்தது. அந்த வருஷக் கடைசியில் வடக்குப் படை பியூபோர்ட் பக்கத்துத் தீவுகளைப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடிப்போனார்கள்.

ஸ்மால்ஸ் அப்போது சார்ல்ஸ்டனில், தெற்குப் படைக்காக ஓடிய ஒரு நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். கப்பலின் பெயர் 'பிளாண்டர்'. தோட்ட முதலாளி என்று அர்த்தம்! 1862 மே 13ஆம் தேதி விடியற்காலை, வெள்ளைக்கார அதிகாரிகள் மூவரும் உத்தரவை மீறிக் கரையில் தூங்கப் போயிருந்தார்கள். அடிமை மாலுமிகள் கப்பலைக் கிளப்பினார்கள். இன்னொரு துறையில் காத்திருந்த பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார்கள். ஸ்மால்ஸ், கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே கை கட்டி நின்றார். கோட்டைக்குக் கோட்டை சரியான சங்கு. பீரங்கிகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றையும் தாண்டிப் போனார். கடைசிக் கோட்டையைத் தாண்டியதும் தெற்குக் கொடியை இறக்கிவிட்டு, ஹன்னா கொண்டு வந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். வடக்குப் போர்க்கப்பல் சுடத் தயாராகி, விரிப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. கப்பலில் 16 பேர். பிடிபட்டால் கப்பலையே வெடி வைத்துத் தகர்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். ஸ்மால்சுக்கு அப்போது வயது 23.

நாடே இந்தக் கதையைப் பேசியது. சன்மானமாக அவருக்கு 1,500 டாலர் கிடைத்தது. கப்பலை வேண்டுமென்றே குறைந்த விலைக்கு மதிப்புப் போட்டார்கள், அவருக்கு இன்னும் அதிகம் வரவேண்டும் என்று பின்னாளில் வாதாடி, 1900இல்தான் மேற்கொண்டு 5,000 டாலர் கொடுத்தார்கள். 38 வருஷ நிலுவை! அதே 1862 ஆகஸ்டில் ஒரு பாதிரியாரோடு வாஷிங்டனுக்குப் போய், கறுப்பின மக்களைப் படையில் சேர்க்கக் கேட்டார். திரும்பும்போது 5,000 பேர் வரை சேர்க்க அனுமதிக் கடிதத்தோடு வந்தார். போர் முழுக்கக் கப்பலோட்டினார். ஒரு தடவை குண்டு மழையில் கப்பல் தலைவர் நிலக்கரி அறையில் போய் ஒளிந்துகொள்ள, ஸ்மால்ஸ் பொறுப்பை ஏற்றுக் கப்பலைக் கரை சேர்த்தார். அதற்குப் பிறகு அவரையே தலைவராக்கினார்கள். 1864இல் கப்பலைப் பழுது பார்க்கப் பிலடெல்பியாவில் நிறுத்தியிருந்த மாதங்களில் ஆசிரியர் வைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். 25 வயதில் அரிச்சுவடி. நம் தோட்டங்களில் இரவு வகுப்புக்கு வரக் கூச்சப்பட்ட பெரியவர்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அதனால்தான் இதைச் சொல்கிறோம்.

வரி கட்டாமல் ஓடிப்போன முதலாளிகளின் சொத்துகளை அரசாங்கம் ஏலம் போட்டபோது, தாயார் வேலை செய்த அந்த எஜமானன் வீட்டையே ஸ்மால்ஸ் ஏலத்தில் எடுத்தார். பழைய சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1878இல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. புத்தி தடுமாறிய பழைய எஜமானியம்மாள் ஒருநாள் தன் வீடு என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார், ஸ்மால்ஸ் அவரைத் துரத்தாமல் தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு.

அந்த ஏலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. அதுதான் நமக்கு முக்கியம். தீவுத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பழைய அடிமைகள் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று வாங்கிக் குடியேறினார்கள். மற்ற மாவட்டங்களில் விடுதலையான ஜனங்கள் பழைய முதலாளியின் நிலத்திலேயே, முதலாளி கொடுத்த குடிசையிலேயே வேலைக்கு நின்றார்கள். அங்கே முதலாளிக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போட்டால் மறுநாள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். பியூபோர்ட் தீவுகளில் அப்படி மிரட்ட முடியவில்லை. குடிசையும் அவன் குடிசை, நிலமும் அவன் நிலம். தென் கரோலினாவில் மற்ற இடமெல்லாம் விழுந்த பிறகும் ஸ்மால்சின் ஊர் இருபது வருஷம் அசையாமல் நின்றதற்கு இதுவே பெரிய காரணம் என்று நாம் நினைக்கிறோம். வேலையும் வீடும் ஒரே ஆள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று லயத்து வீட்டில் பிறந்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

போர் முடிந்து, 1867இல் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு வந்தது. 1868இல் தென் கரோலினாவுக்குப் புது அரசியலமைப்பு எழுத 124 பேர் கூடினார்கள். அதில் 76 பேர் கறுப்பினத்தார். ஸ்மால்ஸ் அங்கே போய் முதலில் கேட்டது பள்ளிக்கூடம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக, கட்டாயமாக, பொதுப் பள்ளி வேண்டும் என்றார். படிப்பைக் குற்றமாக்கிய அதே மாநிலத்தின் அரசியலமைப்பில் பள்ளிக்கூடம் ஏறியது. அதே வருஷம் மாநிலக் கீழ்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பிறகு மேற்சபைக்கு. அந்தக் கீழ்ச்சபையில் கறுப்பின உறுப்பினர்கள்தான் பெரும்பான்மை. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் அப்போது அப்படி இல்லை.

இங்கே ஒரு விளக்கம். அன்றைக்குக் குடியரசுக் கட்சி என்றால் லிங்கன் கட்சி, விடுதலையான அடிமைகளின் கட்சி. ஜனநாயகக் கட்சி என்றால் தெற்கே பழைய எஜமானர்களின் கட்சி. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அந்த ஆட்சியில் எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று நாம் சொல்ல மாட்டோம். மாநிலத் தலைநகரில் காசு கைமாறியது. அச்சு வேலைக் குத்தகையில் ஊழல் நடந்தது. ஸ்மால்சின் பெயரும் அதில் அடிபட்டது. 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்று 1877இல் வழக்குப் போட்டு மூன்று வருஷத் தண்டனை கொடுத்தார்கள். முக்கியச் சாட்சியோ, தானே அந்த ஊழலில் மாட்டிக்கொண்ட ஆள். வழக்குப் போட்டது புதிதாக அதிகாரத்துக்கு வந்த எதிர்க்கட்சி. மேல்முறையீட்டுக்காக வெளியே வந்தார். 1879இல் மாநில ஆளுநரே மன்னிப்புக் கொடுத்தார். தேர்தலில் அக்கிரமம் செய்த வெள்ளைக்காரர்கள் மேல் மத்திய அரசு போட்ட வழக்குகளைக் கைவிட்டால், இவர் வழக்கையும் விட்டுவிடுவோம் என்று ஒரு பேரம். உண்மையில் வாங்கினாரா இல்லையா என்று தீர விசாரிக்க அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. தலைவர்கள் மேல் அரைகுறையாக நிற்கிற வழக்கு எதிரிக்கு எவ்வளவு வசதி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரை அதைச் சொல்லியே அவரை அடித்தார்கள்.

1874இல் ஸ்மால்ஸ் வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஜெயித்த அதே தேர்தலில் அவர் கட்சி தோற்றது. 1873இல் வங்கிகள் விழுந்து, வேலை போய், ஜனங்கள் கொதித்துப் போயிருந்தார்கள். குடியரசுக் கட்சி தொண்ணூறு இடங்களுக்கு மேல் இழந்தது. போருக்குப் பிறகு முதல் தடவையாகச் சபை ஜனநாயகக் கட்சி கைக்குப் போனது. வடக்கே வயிற்றுப்பாட்டுக் கோபத்தில் விழுந்த ஓட்டு, தெற்கே கறுப்பின ஜனங்களின் பாதுகாப்பை உடைத்தது. வடக்கே ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்தார்களோ!

1876ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கொம்பாகி ஆற்றோரம் நெல் தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாளுக்கு இவ்வளவு நிலம் என்று கணக்குப் போட்டு வேலை, கூலி போதவில்லை. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், கூலியைக் காசாகக் கொடுக்காமல் துண்டுச் சீட்டாகக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு தோட்டத்துக் கடையில்தான் செல்லும். விலை வைப்பது கடைக்காரன் இஷ்டம். தோட்டத்துக் கடையில் பற்று வைத்து, சம்பள நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் லயத்துக்குத் திரும்பிய பெரியவர்களுக்கு இது வேறு தேசத்துக் கதையாகத் தோன்றாது. ஆகஸ்டில் நிலைமை முற்றியது. முதலாளிகள் பக்கம் துப்பாக்கிக் கூட்டம் வந்தது. தொழிலாளர்கள் தடி கம்போடு நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினரான ஸ்மால்சை அனுப்பினார்.

அவர் போய்ச் செய்ததை, சங்க வேலை பார்க்கிற நாங்கள் ரசித்துப் படித்தோம். துப்பாக்கிக்காரர்களைச் சுட விடாமல் பார்த்துக்கொண்டார். தொழிலாளர்களிடம் பேசி, கைது உத்தரவு இருந்த பத்துப் பேரை அவர்களாகவே பியூபோர்ட் கோர்ட்டுக்குப் போக வைத்தார். நீதிபதி கறுப்பினத்தார், வழக்கைத் தள்ளிவிட்டார். முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஒரு உயிர் போகவில்லை. ஸ்மால்சின் சாமர்த்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர், நீதிபதி எல்லாரும் தொழிலாளர் ஓட்டு வாங்கி வந்த ஆட்சியின் ஆட்கள். முதலாளிக்குக் கூப்பிட்ட குரலுக்குப் போலீஸ் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். கூலி உயர்வு அந்த வித்தியாசத்தில்தான் கிடைத்தது.

ஆனால் அதே கோடையில், ஜூலை 8ஆம் தேதி, மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஹாம்பர்க் என்கிற சிற்றூரில் கறுப்பினக் காவல்படையை ஆயுதக் கூட்டம் தாக்கியது. பிடிபட்டவர்களில் சிலரை நிறுத்தி வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். தென் கரோலினாவிலிருந்து மத்தியப் படையை எடுக்கக் கூடாது என்று ஸ்மால்ஸ் சபையில் மன்றாடினார். இலையுதிர் காலத்தில் சிவப்புச் சட்டை போட்ட குதிரைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியரசுக் கட்சிக் கூட்டங்களில் புகுந்து மிரட்டினார்கள். நவம்பர் தேர்தலில் எட்ஜ்பீல்டு மாவட்டத்தில், ஓட்டுரிமை உள்ளவர்களின் எண்ணிக்கையைவிட விழுந்த ஓட்டு அதிகம்! ஸ்மால்ஸ் சொற்ப வித்தியாசத்தில் தப்பினார். மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள், இரண்டு சபைகள் என்று மாதக்கணக்கில் இழுத்தது. ஜனாதிபதி தேர்தலும் இழுபறி; குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் 185க்கு 184 என்று ஒரே ஓட்டில் ஜனாதிபதியானார். 1877 ஏப்ரலில் அவரே தென் கரோலினா சட்டசபைக் கட்டடத்திலிருந்து படையை விலக்கிக்கொண்டார். குடியரசு ஆட்சி அத்தோடு விழுந்தது. சொந்தக் கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைவிட்டார். இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல?

1878இல் கில்லிசன்வில் என்கிற ஊரில் கூட்டம் பேசப் போன ஸ்மால்சைச் சிவப்புச் சட்டைகள் சுற்றி வளைத்தன. ஒரு கடைக்குள் தம் ஆட்களோடு புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கியோடு காத்திருந்தார். செய்தி கேட்டுச் சுற்று வட்டாரத்துக் கறுப்பின ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். குதிரைக்காரர்கள் கலைந்து போனார்கள். உயிர் பிழைத்தார், தேர்தலில் தோற்றார். ஜெயித்தவர் ஜார்ஜ் டில்மன்.

1880இல் மறுபடி அதே டில்மன், மறுபடி தோல்வி. இந்தத் தடவை ஸ்மால்ஸ் விடவில்லை, முறையிட்டார். அமெரிக்கச் சட்டப்படி உறுப்பினர் தேர்தல் தகராறைக் கோர்ட்டு விசாரிக்காது. சபையே விசாரித்துத் தீர்க்கும். அந்தச் சபையில் அப்போது குடியரசுக் கட்சிக்கு நூலிழைப் பெரும்பான்மை. மிரட்டல், திருட்டு ஓட்டு எல்லாவற்றுக்கும் சாட்சி கொடுத்து, 1882 ஜூலை 19ஆம் தேதி டில்மனை இறக்கிவிட்டு ஸ்மால்சை உட்கார வைத்தார்கள். இரண்டு வருஷப் பதவியில் மிச்சம் இருந்தது எட்டு மாதத்துக்கும் குறைவு. 1886இல் வில்லியம் எலியட் என்பவரிடம் இதே மாதிரி தோற்று, இதே மாதிரி சாட்சிகளோடு முறையிட்டார். அப்போது சபை ஜனநாயகக் கட்சி கையில். மனு தள்ளுபடி. பெட்டியில் நடந்த அக்கிரமம் இரண்டு தடவையும் ஒன்றுதான். சபையில் யாருக்கு ஆள் அதிகம் என்பது மட்டும் மாறியிருந்தது.

இடையில் 1882இல் தென் கரோலினா இரண்டு காரியம் செய்தது. ஒன்று, தொகுதிகளை வெட்டி ஒட்டியது. மாநிலத்துக்கு ஏழு தொகுதி. கறுப்பின ஓட்டுகளை முடிந்த மட்டும் ஒரே தொகுதிக்குள் திணித்தார்கள். கோடு நேராகப் போகாது. ஆறு, சதுப்பு எல்லாம் தாண்டி வளைந்து வளைந்து போகும். ஒன்றை விட்டுக் கொடுத்துவிட்டு ஆறைச் சுருட்டிக்கொள்ளும் தந்திரம் அது. அந்த ஒன்றுதான் ஸ்மால்சுக்கு மிஞ்சியது. அதிலும் கட்சிக்குள்ளேயே போட்டி. 1882இல் இடம் வேறொருவருக்குப் போனது. அவர் 1884 ஜனவரியில் இறந்துபோகவே, ஸ்மால்ஸ் இடைத்தேர்தலில் ஜெயித்தார். அந்த வருஷ நவம்பரில் இன்னொரு தடவை ஜெயித்தார். அதுதான் அவர் கடைசி வெற்றி.

இரண்டாவது, எட்டுப் பெட்டிச் சட்டம். இதைத் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அதுவரை ஒரே பெட்டி. கட்சி கொடுக்கிற சீட்டைப் போட்டால் முடிந்தது. புதுச் சட்டப்படி ஒவ்வொரு பதவிக்கும் தனிப் பெட்டி, தனிச் சீட்டு. ஆளுநருக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று என்று வரிசையாக எட்டு. பெட்டி மேல் பெயர் எழுதியிருக்கும். தப்பான பெட்டியில் விழுந்த சீட்டு செல்லாது. எழுத்து தெரியாதவன் பெட்டிகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தால், இடையில் பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். வெள்ளைக்காரரில் படிக்காதவர் வந்தால் அதிகாரி பக்கத்தில் நின்று கை காட்டுவார். கறுப்பினத்தார் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். சட்டத்தில் எங்கேயும் நிறம் என்ற சொல் கிடையாது. 1834இல் படிப்பைத் தடை செய்தவர்கள், 1882இல் படிக்கத் தெரியாததைக் காட்டி ஓட்டைப் பிடுங்கினார்கள். யாரையும் அடிக்கவில்லை, சுடவில்லை. எட்டு மரப்பெட்டி, அவ்வளவுதான்.

நாடாளுமன்றம் போன பிறகு ஸ்மால்சின் பிழைப்பு பியூபோர்ட் சுங்க அதிகாரி வேலை. அதைக் கொடுப்பது ஜனாதிபதி. குடியரசுக் கட்சி ஜனாதிபதி வந்தால் வேலை வரும்; ஜனநாயகக் கட்சி வந்தால் போகும். 1889இல் வந்தது, 1893 ஆட்சி மாற்றத்தில் போனது, 1898இல் திரும்ப வந்தது, 1913இல் ஒரேயடியாகப் போனது. வாஷிங்டனில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இவர் வீட்டு அடுப்பைப் பார்த்தே சொல்லலாம் போலிருக்கிறது.

1895இல் மாநிலம் மறுபடி அரசியலமைப்பு எழுதக் கூடியது. முன்னின்று நடத்தியவர் பென் டில்மன்; அந்த ஜார்ஜ் டில்மனின் தம்பி. வந்த நோக்கம் கறுப்பின ஓட்டை அடியோடு ஒழிப்பது. அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. 160 உறுப்பினர்களில் கறுப்பினத்தார் ஆறே பேர். அதில் ஐந்து பேர் பியூபோர்ட்டிலிருந்து வந்தவர்கள், சொந்தக் காணி வைத்திருந்த ஜனங்கள் அனுப்பியவர்கள். 27 வருஷத்துக்கு முன்னால் 124இல் 76!

56 வயதான ஸ்மால்ஸ் அங்கே சளைக்கவில்லை. டில்மன் பழைய லஞ்ச வழக்கைத் தூக்கிப் போட்டார். ஸ்மால்ஸ் எழுந்து பதில் கொடுத்தார். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் கல்யாணம் செய்யக் கூடாது என்று ஒரு விதி வந்தபோது, ஸ்மால்ஸ் அதோடு ஒரு திருத்தம் சேர்க்கச் சொன்னார்: கறுப்பினப் பெண்ணோடு கள்ளத்தனமாகக் குடித்தனம் நடத்துகிற வெள்ளைக்காரர் எவரும் அரசாங்கப் பதவி வகிக்கக் கூடாது என்று. சபையில் பல பேருக்கு முகம் சுருங்கிப் போனது. திருத்தம் தோற்கத்தான் செய்தது, கேட்டவர்கள் மறக்கவில்லை.

கடைசியில் அவர்கள் நினைத்ததே சட்டமாயிற்று. மாநிலத்தில் இரண்டு வருஷம், மாவட்டத்தில் ஒரு வருஷம் நிலையாகக் குடியிருக்க வேண்டும்; வேலை தேடித் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறவனுக்கு அது எங்கே நடக்கும்? தலைவரியைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னாலேயே கட்டியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது 300 டாலர் சொத்து இருக்க வேண்டும். அரசியலமைப்பில் ஒரு பகுதியைப் படித்தோ, படிக்கக் கேட்டோ விளங்கிக்கொண்டதாக அதிகாரி ஒத்துக்கொண்டாலும் ஆரம்பத்தில் பதிவு உண்டு. யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று சொல்வது அதே அதிகாரி. முடிவில் எல்லோரும் கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. ஸ்மால்ஸ் போட மறுத்தார். கையெழுத்து இல்லாவிட்டால் வழிச்செலவு கிடைக்காது என்றார்கள். நடந்தே ஊர் போய்ச் சேருவேன் என்றுவிட்டார். பிலடெல்பியாவில் 25 வயதில் கற்றுக்கொண்ட கையெழுத்து அது.

1915 பிப்ரவரியில், தாயார் வேலை செய்த அந்த வீட்டிலேயே, 75ஆம் வயதில் ராபர்ட் ஸ்மால்ஸ் இறந்துபோனார். பியூபோர்ட்டில் டபெர்னக்கிள் பாப்டிஸ்ட் கோயில் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். படிப்புச் சோதனைகளை ஒழித்து ஓட்டைத் திருப்பித் தந்த மத்தியச் சட்டம் 1965இல்தான் வந்தது. ஸ்மால்சுக்குப் பிறகு தென் கரோலினாவிலிருந்து இரண்டு கறுப்பினத்தார் பிரதிநிதிகள் சபைக்குப் போனார்கள்; கடைசி ஆள் ஜார்ஜ் முர்ரே 1897 மார்ச்சில் இறங்கினார். அதற்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து அந்தச் சபைக்கு இன்னொரு கறுப்பினத்தார் தேர்ந்தெடுக்கப்பட 1992 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் ஜேம்ஸ் கிளைபர்ன். அவர் நின்ற கட்சி, ஜனநாயகக் கட்சி.